ஒரு பவுனுக்கு எத்தனை டன் கல்?

சென்ற பொங்கலுக்கு நம் சங்கத்தில் நடந்த விருந்தில் என் பக்கத்து இலைக்காரர் ஓர் இளைஞர். ஊர் எது என்று பேச்சு வந்தது. "கோலார் தங்கவயல்" என்றேன். கையில் எடுத்த வடையை அப்படியே இலையில் வைத்துவிட்டு, "சார், அந்தப் படத்துல வர்ற மாதிரியா இருந்தது?" என்று கேட்டார். 2018இல் வந்த கன்னடப் படத்தைச் சொல்கிறார் என்று புரிந்தது. "இல்லை தம்பி, எங்கள் ஊரில் காலையில் சங்கு ஊதும், அப்பா வேலைக்குப் போவார், அவ்வளவுதான்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்த நேரத்தில் பாயசம் வரவே பேச்சு அத்தோடு நின்றது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே உறுத்தியது. "அவ்வளவுதான்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. மூன்று தலைமுறையாக அந்தப் பூமிக்குள் இறங்கிய குடும்பத்தில் பிறந்தவன் நான். அது மட்டுமல்ல, இந்த மும்பையில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடம் பூகோளம் நடத்தியவன். நானே ஒழுங்காகச் சொல்லாவிட்டால், பிறகு சினிமாக்காரர்கள் சொல்வதுதான் சரித்திரமாகிவிடும். அதனால்தான் ஆசிரியரிடம் இந்த இதழில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கினேன். வெறும் பழங்கதை சொல்லிப் போவதற்காக அல்ல. இப்போது எங்கள் ஊரில் ஒரு காரியம் நடக்கவிருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் கல்லையும் மனிதர்களையும் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம் வீடுகளில் தங்கத்தைப் பவுன் கணக்கில்தானே பேசுகிறோம்? கல்யாணத்துக்கு இத்தனை பவுன், தாலிக்கொடிக்கு இத்தனை பவுன் என்று. நானும் பவுனிலேயே சொல்கிறேன். பவுன் என்றால் 8 கிராம். தங்கவயலின் ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லை இடித்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. அதாவது ஒரு டன்னுக்கு ஐந்து பவுனுக்கு மேல். கடைசிக் காலத்தில் டன்னுக்கு ஏறத்தாழ 3 கிராம்தான். ஒரு பவுனுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் கல்லை வெட்டி, இரண்டு மைல் ஆழத்திலிருந்து மேலே தூக்கி, மாவாக இடிக்க வேண்டும். நூற்றிருபது ஆண்டுகளில் தங்கவயல் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். அத்தோடு கூடவே கொஞ்சம் வெள்ளியும் வந்தது. பூமிக்குள் தங்கம் எப்போதும் சுத்தமாக இருப்பதில்லை, சிறிது வெள்ளியைக் கலந்துகொண்டுதான் இருக்கும். நம்முடைய பாட்டிமார் காதில் போட்டிருந்த கம்மலில் எங்கள் ஊர்க் கல்லின் துளி எத்தனை இருந்ததோ, யார் கண்டார்கள்!

இனி கல்லின் கதை. பூகோள வாத்தியாருக்கு இந்தச் சலுகையை வாசகர்கள் தர வேண்டும்.

பெங்களூர் லால்பாக் போனவர்கள் அங்கே ஒரு பெரிய பாறை மேல் ஏறி நின்று படம் எடுத்திருப்பீர்கள். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. தட்சிணப் பீடபூமியின் தென்பாகத்துக்கு அஸ்திவாரம் பெரும்பாலும் இந்த வகை வெளிர் நிறப் பாறைதான். கோலார் மாவட்டத்தில் இந்த வெளிர்ப் பாறையின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. நீளம் சுமார் 80 கிலோமீட்டர், அகலம் நாலைந்து கிலோமீட்டர். தெற்கே ஆந்திரத்தின் குப்பம் பக்கம் வரை போகிறது. வெள்ளைப் புடவையில் கறுப்புக் கரை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையை விட்டு வெளியே தங்கம் கிடையாது. கரைக்குள்ளும் எல்லா இடத்திலும் கிடையாது.

அந்தக் கறுப்புக் கல் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் நெருப்புக் குழம்பாக வழிந்து, கடலடியில் உறைந்தது. தண்ணீருக்குள் கொட்டிய குழம்பு தலையணை தலையணையாகத்தான் உறையும். தங்கவயல் பக்கத்தில் இப்போதும் அப்படிப்பட்ட பாறைகளைப் பார்க்கலாம். பிறகு அது பூமிக்குள் புதைந்து, வெந்து, அழுந்தி, இரும்பு போலக் கடினப்பட்டது. கிழக்கே ஒரு நிலத்துண்டும் மேற்கே ஒரு நிலத்துண்டும் மோதி ஒட்டிக்கொண்டபோது நடுவே சிக்கிய தையல்தான் இந்தப் பட்டை என்று புவியியல் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்த மோதலில் கல்லில் விழுந்த வெடிப்புகள் வழியாக ஆழத்திலிருந்து கொதிநீர் ஏறி வந்தது. அந்த நீரில் தங்கம் கரைந்திருந்தது. மேலே வர வர ஆறி, வெடிப்புகளில் வெங்கச்சங்கல்லாகப் படிந்தது. அந்த வெங்கச்சங்கல் ரேகைக்குள்தான் தங்கம். இப்படிப்பட்ட ரேகைகள் பல உண்டு. அவற்றில் பெரியது சாம்பியன் ரேகை. தங்கவயலின் தங்கத்தில் பெரும்பகுதி அது கொடுத்ததுதான்.

இந்த ரேகை எப்படிப்பட்டது தெரியுமா? ஒரு கதவின் அகலம்தான் இருக்கும், பல இடங்களில் அதுவும் இல்லை. ஆனால் மேற்கே சாய்ந்து, ஆழம் போகப் போகச் செங்குத்தாகி, கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அதிலும் கொஞ்ச தூரம் வளமாக இருக்கும், பிறகு வெறும் கல்லாகிவிடும், மறுபடி வளம் வரும். அதன் பின்னாலேயே போனதால்தான் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று அதற்குப் பெயர் வந்ததற்கு, மனிதனின் ஆசை பாதிக் காரணம் என்றால் அந்த ரேகையின் குணம் மறுபாதி.

சரித்திரப் புத்தகங்கள் வழக்கமாக 1802இல் ஆரம்பிக்கும். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இந்தப் பக்கத்து ஜனங்கள் மண்ணை அலசிப் பொன் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரித்தார் என்று. பிறகு, நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிப் பெங்களூருக்கு வந்து தங்கிய லவெல் என்ற ஐரிஷ்காரர் 1875இல் இருபது வருடக் குத்தகை வாங்கினார், கைப்பணம் தீர்ந்து பிறருக்குக் கைமாற்றினார். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அவர்களும் நாலைந்து வருடம் பணத்தைக் குழியில் கொட்டினார்கள், பங்குதாரர்கள் கடையை மூடச் சொன்னார்கள். கடைசியில் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி 1885 வாக்கில் சாம்பியன் ரேகையைப் பிடித்தார்.

எங்கே பிடித்தார் என்பதுதான் முக்கியம். பழைய குழிகளுக்குக் கீழே! மாரிக்குப்பம் பக்கத்தில் அந்தக் காலத்துக் குழிகள் ஏராளமாக இருந்தன. நெருப்பு மூட்டிக் கல்லைச் சுட்டு, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைத்து, கையால் கொத்திக் கீழே போயிருக்கிறார்கள். அந்தக் குழிகளில் கிடைத்த மரத்துண்டுகளை இந்த நூற்றாண்டுகளின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது ஆயிரத்து முன்னூறு, ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழமை தெரிந்தது. ஊற்றுத் தண்ணீரை இறைக்க முடியாத ஆழத்தில் அவர்கள் நின்றுவிட்டார்கள். வெள்ளைக்காரன் நீராவிப் பம்பு கொண்டுவந்தான், அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொட்டான். ஆகவே "கண்டுபிடித்தவர்" என்று ஒருவர் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று நான்கு பெரிய சுரங்கங்கள். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவுக்கே 1905இல்தான் மின்விளக்கு. காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலமும் சண்டை போடுவதைப் படிக்கும்போதெல்லாம், அந்தக் காவிரியின் முதல் மின்சாரம் தமிழர்கள் கல் உடைத்த குழிக்குத்தான் போயிற்று என்று எனக்கு நினைவு வரும்.

ஆள் எங்கிருந்து வந்தது? வடஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து. பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள். ஊரில் நிலமில்லை, குளத்தில் தண்ணீர் எடுக்க உரிமையில்லை. இங்கே கல்லுக்கு ஜாதி தெரியாது, சம்பளம் கையில் வரும். என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் நடந்தே வந்ததாக ஆயா சொல்வாள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். உள்ளே இறங்குவது உயிரைப் பணயம் வைப்பது என்று தெரிந்தும் வந்தார்கள். கிராமத்துக்குத் திரும்பிப் போவதைவிட அது மேல் என்று நினைத்தார்கள். இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சினிமாவில் காட்டுவது போல அவர்கள் சாட்டைக்குப் பயந்த அடிமைகளாக இருந்திருந்தால், 1930இல் கைரேகை எடுக்கும் பதிவு முறையை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருப்பார்களா? அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வெளிவந்தது. வெளிமாநிலத்தில் தமிழ்ப் பத்திரிகை நடத்தும் கஷ்டம் நம் சங்கத்துக்குத் தெரியும். சுரங்கத் தொழிலாளிகள் காலணா அரையணா போட்டு அதைச் செய்தார்கள்.

உள்ளே எப்படி இருக்கும்? கல்லூரி மாணவனாக 1975இல் ஒருமுறை நான் இறங்கியிருக்கிறேன். ஒரே கூண்டில் அடிவரை போக முடியாது. ஒரு கூண்டில் இறங்கி, உள்ளுக்குள்ளேயே நடந்து, வேறு கூண்டு பிடித்து மறுபடி இறங்க வேண்டும். முதல் கூண்டில் காது அடைத்தது. இரண்டாவதில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அடி ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸுக்கு மேல், கை வைக்க முடியாது. குளிர்வித்த காற்றை மேலிருந்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள், அது போதாது. நான் அரைமணி நேரம் நின்றேன். என் நைனா அங்கே முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார். மேலே வந்து குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் யாரோடும் பேச மாட்டார். சிறுவயதில் அதைக் கோபம் என்று நினைத்தேன்.

சூட்டைவிடப் பயங்கரம் கல் வெடிப்பது. இரண்டு மைல் கல்லின் பாரம் மேலே அழுத்துகிறது. நடுவில் ரேகையை வெட்டி எடுத்தால் அந்த இடம் காலி. சாதாரணக் கல்லாக இருந்தால் மெதுவாக நசுங்கி இடம் கொடுக்கும். எங்கள் கறுப்புக் கல் கடினமானது, வளையாது. தாங்கும் வரை தாங்கிவிட்டு ஒரே நொடியில் பீரங்கி போல வெடிக்கும். இதைத் தடுப்பதற்கு, தங்கம் எடுத்த இடத்தில் மேலேயிருந்து செதுக்கிய கருங்கல்லை இறக்கி, அடுக்கி முட்டுச்சுவர் கட்டினார்கள். பின்னால் கான்கிரீட் வந்தது. அப்படியும் வெடித்தது. வெடித்தால் ஊரே அதிரும், அலமாரியில் பாத்திரம் ஆடும். ஆயா உடனே எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அடுத்த நிமிஷம் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் எல்லோரும் சுரங்க வாசலை நோக்கி ஓடுவார்கள். யார் ஷிப்டில் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ராக் மெக்கானிக்ஸ் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் 1988இல் எங்கள் ஊரில் அமைந்ததற்கு, பாறை வெடிப்பைப் பற்றி அங்கே சேர்ந்திருந்த அனுபவமும் ஒரு காரணம். அந்த அனுபவம் யாருடைய உடம்பில் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெடிக்காத நாளில் தூசி. வெங்கச்சங்கல்லின் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்ப வராது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய் பற்றி இந்தியாவில் நடந்த ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று கோலாரில் நடந்ததுதான். 1947இல் வெளியான அந்த ஆய்வில், பரிசோதித்த ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது.

இங்கே மும்பை வாசகர்களுக்காக ஒரு சின்ன விஷயம். கொலாபாவில் இருக்கும் டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடச் சேர்ந்து, 1965இல் தங்கவயலில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற துகளின் தடயத்தை அங்கே பிடித்தார்கள். அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இது நடந்தது. இரண்டு மைல் கல்லைத் துளைத்து வரக்கூடியது அந்தத் துகள்தான், மற்றவற்றைக் கல் வடிகட்டிவிடும். உலக விஞ்ஞானத்துக்கு அந்த ஆழம் பயன்பட்டது. ஆழத்தைத் தோண்டியவர்களுக்கு அந்தச் செய்தியைத் தமிழில் யாராவது விளக்கியிருப்பார்களா? நைனாவிடம் ஒருநாள் நான் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்கும் டோக்கன் உண்டா?" என்றார்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் வந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். "தங்கம் தீர்ந்துபோச்சு, மூடிட்டாங்க" என்று பலர் சொல்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. ரேகை இன்னும் கீழே போகிறது. ஆனால் அதை எடுத்து வரும் செலவு, எடுத்த தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. நாட்டுடைமை ஆன பின் பல ஆண்டுகள், எடுத்த தங்கத்தைச் சந்தை விலைக்கு விற்க முடியாமல், அதைவிடக் குறைந்த பன்னாட்டு நிர்ணய விலைக்கே அரசுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் அந்த நஷ்டக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பம்புகள் நின்றதும் குழிகளில் தண்ணீர் ஏறியது. இப்போது அங்கே யாரும் இறங்க முடியாது. ஊர் ஜனங்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். என் தம்பி மகளும் அப்படித்தான் போய்வருகிறாள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

தங்கவயலுக்குப் போனவர்கள் சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். சயனைடு மலை என்போம். கல்லை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்தபின் மிஞ்சிய மண் அது. அந்தக் கன்னடப் படத்தின் பெரிய காட்சிகளை எடுத்ததும் அதன்மேல்தான்! இப்படிப் பதின்மூன்று குன்றுகள், சுமார் 3.3 கோடி டன் மண். அந்த மண்ணிலும் டன்னுக்கு ஒரு கிராமுக்குக் குறைவாகத் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பவுனுக்கு எட்டு டன்னுக்கு மேல் மண் வேண்டும். ஆனால் இதை வெட்ட வேண்டாம், தூக்க வேண்டாம், இடிக்க வேண்டாம். அந்த வேலையெல்லாம் நம் தாத்தாக்கள் செய்து முடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தங்கம் விற்கிற விலையில் இதுவே லாபம். ஆகவே அந்தக் குன்றுகளை ஏலத்துக்கு விட மத்திய அரசு முன்வைத்த யோசனைக்கு 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

தம்பிக்கு இதில் சந்தோஷம். "அண்ணா, ஆடி மாசக் காத்துல அந்த மண்ணு சோத்துல விழுது. அதை அள்ளிக்கிட்டுப் போனாப் போதும், நாலு பேருக்கு வேலையும் கிடைக்கும்" என்கிறான். அவன் அங்கே வாழ்பவன், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மும்பையில் உட்கார்ந்துகொண்டு "அந்த மலையைத் தொடாதே, அது நம் நினைவுச் சின்னம்" என்று நான் எழுதினால் அது அசட்டு அபிமானம். எடுக்கட்டும். அள்ளும்போது பறக்கும் தூசிக்கு வழி செய்ய வேண்டும். வேலை வெளியூர்க்காரர்களுக்கு முன் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் உள்ளூர்க்காரர்களே என்னைவிட நன்றாகக் கேட்பார்கள்.

நான் கேட்பது வேறு ஒன்று. ஏலத்தில் அந்த மண்ணுக்குக் கிராம் கணக்கில் மதிப்புப் போடுவார்கள். அந்த மண்ணை மண்ணாக்கியவர்களின் கணக்கு எங்கே? ஆங்கிலேய அதிகாரிகள் புதைந்த கல்லறைத் தோட்டம் எங்கள் ஊரில் இருக்கிறது, கல்லில் பெயர், வயது, ஊர் எல்லாம் வெட்டியிருக்கும். 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஆறு தொழிலாளர்களுக்கும் நினைவிடம் இருக்கிறது. ஆனால் நூற்றிருபது வருடம் கல் விழுந்தும், கூண்டு அறுந்தும், வெடியில் சிக்கியும் உள்ளே இறந்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஒரே இடத்தில் எழுதிய கல் ஒன்றை நான் அங்கே பார்த்ததில்லை. குன்றிலிருந்து முதல் லாரி மண் போவதற்கு முன்னால் அது வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சுரங்கத்தின் பழைய வரைபடங்கள், ஆள் பதிவேடுகள், விபத்துப் பதிவேடுகள் எவையெல்லாம் மிஞ்சியிருக்கின்றனவோ அவற்றை எங்கோ ஓர் ஆபீஸ் அறையில் கட்டி வைக்காமல், தங்கவயலிலேயே ஜனங்கள் போய்ப் பார்க்கும்படி ஒரு கட்டடத்தில் வைக்க வேண்டும். ஏலத் தொகையில் அதற்கென்று ஒரு சிறு பங்கு ஒதுக்கினால் போதும். பெயர்கள் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இருக்கட்டும்.

"அந்தக் கறுப்புக் குழியை மறந்துவிடுவதே நல்லது, பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்துவிட்டார்கள், இன்னும் எதற்கு அந்தப் பேச்சு?" என்று சொல்பவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. தங்கவயல் என்று சொன்னால் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும் என்பதற்காக, "பெங்களூர்" என்று ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் இந்த மும்பைக்கு வந்த புதிதில் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் பெங்களூர் என்றுதான் சொன்னேன். 2024இல் வந்த 'தங்கலான்' படத்தைப் பார்த்துவிட்டு என் பேரன், "தாத்தா, நம்ம ஆளுங்களா இவங்க?" என்று கேட்டபோது எனக்கு அந்த ஆசிரியர் அறை ஞாபகம் வந்தது. ஆமாம் என்று சொன்னேன். மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் பரணிலிருந்து ஒரு பழைய தகரப் பெட்டியை இறக்கினேன்.

அதில் ஒரு பித்தளை வில்லை இருந்தது. உள்ளே இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் எண் போட்ட வில்லை உண்டு. இறங்கும்போது வாங்கி, ஏறும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். மாலையில் பலகையில் எந்த எண் காலியாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் மேலே வரவில்லை என்று அர்த்தம். தாத்தா எப்படியோ தன்னுடையதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார். எண் 2164. பெயர் அதில் இல்லை.

இந்த இதழைப் படிப்பவர்களில் தங்கவயல் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். மும்பையில், தில்லியில், ஹைதராபாத்தில், பிலாயில். உங்கள் பரணிலும் இப்படி ஒரு வில்லை, ஒரு சம்பளச் சீட்டு, ஷிப்ட் உடுப்பில் நிற்கும் ஒரு போட்டோ இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சுரங்கம், எந்த ஆழம், யார் கூட வேலை பார்த்தார்கள், யார் திரும்பி வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதைச் சங்கத்து முகவரிக்கு அனுப்பினால் நான் தொகுத்துத் தருகிறேன், எனக்கு இப்போது வேறு வேலை கிடையாது. எண் மட்டும் இருந்து பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எண்ணை அனுப்புங்கள்.

முதல் பெயரை நானே எழுதிவிட்டேன். 2164, சின்னத்தம்பி, குடியாத்தம்.